வெள்ளிக்கிழமைச் சுருதி

தேவமாதா துணை

சாந்தா ரீத்தா,
3 பிப்ரவரி 1985

அன்புத் தம்பி ஃபெர்மினுக்கு,

நேற்றுக் காணிக்கைத் திருநாள். பூசை முடிந்து வந்து தேனீக்கூடுகளைத் திறந்தபோது தோட்டத்தில் இருந்தவர்கள்: நான், உன் மனைவி தெல்ஃபினா, கூட்டு வாயின் மண்பூச்சைப் பெயர்க்க அடுத்த வீட்டு தோன் சிப்ரியானோ உக், தேன் வாங்க வந்த மருத்துவச்சி தோன்யா ரோசாவுரா. நான்கு பேர்தான். நாயைத் தெருவில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.

மனத்தாங்கல் உள்ளவர்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று அம்மா வைத்திருந்த ஒழுங்கை நான் விடவில்லை. ரோசாவுராவுக்கும் சிப்ரியானோவுக்கும் ஒரு கோழி விஷயமாக மூன்று மாதமாகப் பேச்சில்லை என்பது உனக்கும் தெரியும். கையைக் கொடுத்துக்கொண்டால்தான் ஆயிற்று என்று நின்றேன்.

“உங்க கோழி என் தக்காளியக் கொத்துனது கொத்துனதுதான் தோன்யா. தேனீக்காக மன்னிச்சுட்டேன்” என்றார் அவர்.

“தேனீக்காக நானும் அத நம்பிட்டேன்” என்றாள் அவள்.

பதினொரு மரத்துண்டுக் கூட்டிலும் தேனீப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். மூன்று பாட்டில் தேன். ஒன்று கோயிலுக்கு, ஒன்று ரோசாவுராவுக்கு. மூன்றாவது தெல்ஃபினாவுக்கு. நான்காவது மாதம் நடக்கிறதல்லவா, நாளையிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி. அம்மா உன்னைச் சுமந்தபோதும் இந்தச் சுனான் காப் தேனைத்தான் குடித்தாள். கொடுக்கில்லாத இந்தத் தேனீயின் தேன் பிள்ளைப்பேற்றுக்கு மருந்து என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு அதிசயம். நேற்றுப் பூசையின் கடைசிப் பாட்டைக் கோயில் ஆர்மோனியத்தில் ‘லா’ என்ற சுரக் கட்டையில் முடித்தேன். அந்தச் சுருதி காதில் இருக்கும்போதே தோட்டத்துக்குள் நுழைந்தால், தேனீக்கள் எல்லாம் அதே லாவில் பறக்கின்றன! என் பிரமையாக இருக்குமோ என்று மறுபடி கோயிலுக்குப் போனேன். லாவை ஒருமுறை அழுத்தி, வாயை மூடி அதை முனகிக்கொண்டே தெரு முழுக்க நடந்து வந்தேன். வழியில் கும்பிட்டவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். “தோன்யா காசில்தாவுக்குப் பல்வலி” என்று சாயங்காலத்துக்குள் ஊரே பேசிவிட்டது. ஆனால் சுருதி ஒரு மயிரிழைகூட விலகவில்லை. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கப்போகிறேன். முப்பது வருஷமாக இந்தத் தோட்டத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்காமல் இருந்திருக்கிறேனே.

ஆரஞ்சு மரத்திலிருந்து விழுந்து உடைந்த உன் இடது கால் குளிரில் இழுக்கிறதா? அந்த முகாமில் உனக்கு என்ன வேலை என்று நீ சொல்லவேயில்லை. மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் “வயல் வேலை” என்று கிளம்பினாய், அவ்வளவுதான். தெல்ஃபினாவுக்கு எழுத்து தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் அவளுக்கென்று ஏதாவது எழுதுவதானால் நான் கூசாதபடி எழுது.

உன் அக்கா,
காசில்தா


லா பல்மா முகாம்,
19 பிப்ரவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். கால் இழுக்கிறதுதான், ஆனால் நடக்கும் அளவுக்கு இருக்கிறது. நீயும் தெல்ஃபினாவும் சுகமாக இருக்க வேண்டும்.

தேனீக்களுக்குப் பாட்டு வாத்தியார் ஆகிவிட்டாயா? அடுத்த பாஸ்காவுக்கு அவைகளை வரிசையாக நிறுத்திப் பூசைப் பாட்டுப் பாடவைத்துவிடுவாய்.

என் வேலையைக் கேட்டாய். நான் கொடிக்காரன். வயலின் கோடியில் வெள்ளைக் கொடியோடு நிற்பேன். எங்கள் விமானம் என் கொடியைக் குறி வைத்து வரும், மருந்தைத் தெளித்துக்கொண்டே என் தலைக்கு மேலே போகும். நான் பன்னிரண்டு எட்டு நகர்ந்து மறுபடி நிற்பேன். சக்கரம் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடும் போலிருக்கும்! இருபது பேர் கேட்ட வேலை, விமானம் ஓட்டும் கேப்டன் என்னைத்தான் பொறுக்கினார். இழுத்து நடந்தாலும் எட்டு தவறாதவன் என்றாராம். செடிக்கு அடிக்கிற மருந்து அது, பூண்டு வாசம் அடிக்கும். என்னோடு கொடி பிடிக்கிற ரோமுலோ தினமும் சொல்வான்: “ஒரு கோழி மட்டும் கிடைச்சா போதும்டா, கொழம்பே வச்சிரலாம்.”

ஒன்று கவனம். இங்கே கடிதத்தை மேஸ்திரிதான் வாங்குவார், மேஸ்திரிதான் அனுப்புவார். பிரித்துச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. உன் பல்வலிக் கதைக்கு நாற்பது பேர் சிரித்தார்கள். நான் பாயில் மூத்திரம் போன கதையை எல்லாம் எழுதி வைக்காதே.

தெல்ஃபினாவிடம் சொல், பிள்ளை பிறக்கும்போது கட்டாயம் வந்துவிடுவேன்.

உன் தம்பி,
ஃபெர்மின்


தேவமாதா துணை

சாந்தா ரீத்தா,
11 மார்ச் 1985

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். தெல்ஃபினாவுக்கு வாந்தி நின்றுவிட்டது, எலுமிச்சையும் மிளகாயும் உப்பும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நாற்பது பேர் சிரித்ததற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும், நன்றாகச் சிரிக்கட்டும்.

லாவை வாயில் சுமந்து திரிகிற கஷ்டத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். இருமல் மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வாயில் ஊதினால் ஒரு சுருதி வரும். தண்ணீரைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். கோயிலில் வைத்து லாவுக்குச் சரியான மட்டம் பார்த்து அங்கே சிவப்பு நூல் கட்டினேன். தினமும் காலை ஏழு மணிக்குக் கூடுகளுக்கு முன்னால் நிற்பேன். தேனீயும் பாட்டிலும் ஒன்றாகும்வரை தண்ணீரை ஊற்றுவேன், கொட்டுவேன், எத்தனை விரல் என்று எழுதுவேன். மார்ச் ஏழு வரை ஒரு நாள்கூட நூலை விட்டு விலகவில்லை.

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை அரை விரல் கீழே இறங்கிவிட்டது. கூட்டு வாசலில் நாற்பது ஐம்பது தேனீ செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக இலையில் மடித்துப் புதைத்தேன். சனி, ஞாயிறு கொஞ்சம் ஏறியது, ஆனால் நூலுக்கு வரவில்லை.

சிப்ரியானோ வந்து காதை வைத்துக் கேட்டார். “ஒங்க வீட்ல யாரோ எதையோ மறைக்கிறாங்க தோன்யா. அதான் இதுங்க கொரலு கம்முது” என்றார். மறைக்க இந்த வீட்டில் இருப்பது நானும் தெல்ஃபினாவும்தான். எனக்கு வேறு தோன்றுகிறது. தபசு காலத்து வெள்ளிக்கிழமை. ஆண்டவர் பாடுபட்ட நாளுக்கு இந்த ஜீவன்களும் குரலைத் தாழ்த்துகின்றன. வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பக்தி நமக்கு இல்லையே என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

சொல்ல மறந்தேனே. வியாழக்கிழமை இங்கேயும் ஒரு விமானம் வந்தது! சிப்ரியானோவின் சோளக்காட்டுக்கு அப்பால் காட்டை வெட்டி யாரோ குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களே, அங்கே. பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய்க் கையாட்டினார்கள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெல்ஃபினாவும் வேலியோரம் போய்க் கையாட்டினாள். திரும்பி வந்து, “அண்ணி, அந்தக் கோடியில நிக்கிற கொடிக்காரரு எடது கால இழுத்து இழுத்து நடக்கிறாரு. அச்சு அசலா அவரு மாதிரியே” என்றாள்.

“புள்ளத்தாச்சிக்குப் பாக்கறதெல்லாம் புருஷனாத்தான் தெரியும். அவன் இங்க வந்தா வீட்டுக்கு வராமப் போவானா? போயி அடுப்பப் பாரு” என்று சிரித்துவிட்டேன்.

ஒரு விமானத்துக்கு எத்தனை கொடிக்காரர்கள் இருப்பார்கள் என்று எழுது, அவளிடம் சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
காசில்தா


லா பல்மா முகாம்,
29 மார்ச் 1985

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

வியாழக்கிழமைகளில் துணி துவைத்து வெளியே போட வேண்டாம். இந்தப் பருவத்தில் காற்று சரியில்லை. கிணற்றையும் தொட்டியையும் பலகை போட்டு மூடி வை. தெல்ஃபினா தோட்டத்து வலைத்தூளியில் படுக்க வேண்டாம், வீட்டுக்குள் கட்டிக்கொள்ளட்டும்.

வேறு விசேஷம் இல்லை.

ஃபெர்மின்


தேவமாதா துணை

சாந்தா ரீத்தா,
10 ஏப்ரல் 1985

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் ஆசீர் உனக்கும் உண்டாகட்டும். பாஸ்கா நாளில் உன் இடத்தில் ஒரு தட்டு வைத்தோம்.

உன் எழுத்து ஏன் கோழி கிளறியது போல இருக்கிறது? நீ தெளிவாக எழுதுகிறவன்தானே. ‘வியாழக்கிழமை’ என்ற வார்த்தையை மூன்று முறை வாசித்தேன். காற்றுக்குக் கிழமை உண்டா, தம்பி? நீ சொன்னாயே என்று கிணற்றை மூடினேன். தேனீக்கள் தொட்டியோரத்தில்தானே தண்ணீர் குடிக்கும், பாவம் என்று தொட்டியில் ஒரு சாண் மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.

பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவும்போது கூரைக்கு மேலே அந்த விமானம் போனது. சாமியார் சொன்ன ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நான் வாசித்த சுருதியையே அது விழுங்கிவிட்டது. மறுநாள் பெரிய வெள்ளி. பாட்டிலில் முழுதாக இரண்டு விரல் கீழே! ஒரு கூட்டில் சத்தமே இல்லை. ஆண்டவர் உயிர் விட்ட நாள் என்று முழந்தாளிட்டு அழுதேன். ஞாயிறு அன்று கட்டாயம் ஏறிவிடும் என்று காத்திருந்தேன். ஏறியது, ஆனால் அரை விரல்தான்.

இதற்கிடையில் சிப்ரியானோவின் பேச்சு என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் தெல்ஃபினாவை உட்காரவைத்து, “எங்கிட்ட எதையாவது மறைக்கிறியா?” என்று கேட்டேன். அவள் முகம் செத்துவிட்டது. பிறகு தேம்பித் தேம்பி அழுதாள்.

“சூசையப்பர் பீடத்துல வச்சிருந்த வாழப்பழத்த நாந்தான் தின்னேன் அண்ணி. ரெண்டு. எலி தின்னுச்சுன்னு பொய் சொன்னேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூசையப்பருக்கும் வந்திருக்கும். ஆக, அவள் எதையும் மறைக்கவில்லை. நானும் மறைக்கவில்லை.

பழைய தேன் தீர்ந்ததால் மார்ச் இருபத்தைந்து, மங்கள வார்த்தைத் திருநாளன்று மறுபடி கூடு திறந்து இரண்டு பாட்டில் எடுத்தேன். மறுநாளிலிருந்து புதுத் தேன்தான் கொடுக்கிறேன். அவளுக்குத் தலைவலியும் மயக்கமும் இருக்கிறது, கால் வீங்குகிறது. ரோசாவுரா பார்த்துவிட்டு, “ரத்தம் பத்தல, தேனக் கூட்டிக் குடு” என்றாள். இன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டு கரண்டி. நீ கவலைப்படாதே.

கொடிக்காரனைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

உன் அக்கா,
காசில்தா


லா பல்மா முகாம்,
24 ஏப்ரல் 1985

மதிப்பிற்குரிய தோன்யா காசில்தாவுக்கு,

நான் ரோமுலோ, உங்கள் தம்பியின் கூட்டாளி. அவன் கையில் சின்னக் காயம், அதனால் அவன் சொல்ல நான் எழுதுகிறேன். சுகமாக இருக்கிறான்.

தெல்ஃபினாவுக்குத் தேன் கொடுக்க வேண்டாமாம். ஒரு கரண்டியும் வேண்டாமாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு இனிப்பு அதிகம் ஆகாது என்று இங்கே ஒரு பெரியவர் சொன்னாராம்.

அவ்வளவுதான் சொல்லச் சொன்னான். உங்கள் பாட்டில் கதை எங்களுக்கெல்லாம் பிடிக்கும். மேஸ்திரி இப்போது அதைச் சத்தமாகப் படிப்பதில்லை. தனியாகப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

இப்படிக்கு,
ரோமுலோ


தேவமாதா துணை

சாந்தா ரீத்தா,
5 மே 1985

தம்பிக்கு,

உன் கைக்காயம் ஆறிவிட்டதா? எந்தக் கை, எதில் பட்டது என்று எழுதியிருக்கலாம்.

உன் கூட்டாளி கையால் நீ சொல்லி அனுப்பியதைப் படித்து எனக்கு வருத்தம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது. யார் அந்தப் பெரியவர்? அவர் எத்தனை பிள்ளை பெற்றார்? நம் அம்மா ஆறு பிள்ளைக்கும் இந்தத் தேனைத்தான் குடித்தாள். பிறந்ததும் உன் நாக்கில் முதலில் பட்டது பாலா, இந்தத் தேனா? காரணம் சொல், கேட்கிறேன். காரணம் இல்லாமல் அம்மாவின் மருந்தை நிறுத்த என் கை வராது. இரண்டு கரண்டியும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவள் நிலைமையைச் சொல்கிறேன். தானாகக் கண்ணில் நீர் வடிகிறது. உறங்கும்போது வாயோரம் எச்சில் ஒழுகித் தலையணை நனைகிறது. ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை, இரண்டு ஊசி தெரிகிறதாம். ஜெபமாலை மணியை விரல் நழுவ விடுகிறது. பிள்ளை முன்பு பூசை மணி அடிக்கும்போதெல்லாம் உதைக்கும். இந்த வாரம் ரோசாவுரா கை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். “தூங்குது” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

தேனீ விஷயம். நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். தபசு காலம் முடிந்துவிட்டது. அல்லேலூயா பாடிக்கொண்டிருக்கிறோம். அப்புறமும் ஏன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுருதி விழுகிறது? ஏப்ரல் பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு. முந்தாநாள் மே மூன்று, திருச்சிலுவைத் திருநாள், அதுவும் வெள்ளி. ஐந்து கூடு சத்தமில்லை. மற்ற ஆறுக்கும் பாட்டிலில் அடியில் இரண்டு விரல் தண்ணீர்தான் வைக்க வேண்டியிருந்தது. பக்தி என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்கவில்லை, கோடு மட்டும் போட்டேன்.

தக்காளிப் பூவில் உட்கார்ந்து தேனீ உடம்பை உதறுமே, அப்போது பறக்கும் சுருதியைவிட மேலே கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அது பதினைந்து நாளாக இல்லை. இந்த வருஷம் தக்காளி பிடிக்கவில்லை. “இப்ப எந்தக் கோழி வந்து கொத்துச்சாம்? கேளு அந்த மனுஷன” என்கிறாள் ரோசாவுரா. சிரித்தபடி சொல்லவில்லை.

இன்னொன்று. இந்தப் புதுத் தேனில் லேசாகப் பூண்டு வாசம் வருகிறது. என் கையில் இருந்து ஒட்டியிருக்கும் என்று கையைச் சாம்பல் போட்டுக் கழுவிப் பார்த்தேன். தேனில்தான்.

காரணத்தை எழுது.

உன் அக்கா,
காசில்தா


13 மே

அக்கா

நானே எழுதுகிறேன். கை ஆடுகிறது, பொறுத்துக்கொள். இதை வண்டிக்காரன் ஒருவனிடம் ஒளித்துக் கொடுக்கிறேன்.

தேனை நிறுத்து. இன்றைக்கே நிறுத்து. உன் காலில் விழுகிறேன். தொட்டியைத் திறக்காதே. வியாழன் அன்று அவளைக் கூட்டிக்கொண்டு ரோசாவுராவின் தங்கை வீட்டுக்குப் போய்விடு, ஊருக்கு அந்தப் பக்கம்.

பத்தொன்பது ஞாயிறு வருகிறேன். நேரில் சொல்கிறேன்.

நீ துணி காயப்போடுவதை நான் பார்த்தேன்.

ஃபெர்மின்


தேவமாதா துணை

சாந்தா ரீத்தா,
21 மே 1985, செவ்வாய்

தம்பி ஃபெர்மினுக்கு,

நேற்றுக் கூடுகளைத் திறந்தபோது தோட்டத்தில் இருந்தவர்கள்: நான், தோன் சிப்ரியானோ. வேறு யாரும் இல்லை. நாயை வெளியே விட வேண்டியிருக்கவில்லை. அது சனிக்கிழமை தொட்டியோரத்தில் செத்துக் கிடந்தது.

பதினொரு கூடும் காலி. பழக்கத்தில் பாட்டிலோடு நின்றேன். தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு ஊதினேன். அது பாட்டுக்கு ஊதியது, ஒப்பிட எதிரே ஒரு சத்தமும் இல்லை. கோபத்தோடு இந்தத் தோட்டத்தில் நிற்கக்கூடாது என்பாள் அம்மா. இனி நான் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம், கேட்டுவிட்டு வீட்டை விட்டுப் போகத் தேனீ இல்லை. ஆனால் அதற்கு இப்போது நேரமும் இல்லை.

உன் சீட்டுப் பதினைந்தாம் தேதி மாலை வந்தது. அன்றைக்கே தேனை நிறுத்தினேன். மிச்சம் இருந்ததைக் குழி தோண்டி ஊற்றி மூடினேன். மறுநாள் வியாழன் விடியும்போதே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நடக்க முடியவில்லை அவளால். சாலைக்குப் போக ஒரே வழியான சிப்ரியானோவின் சோளக்காட்டு வளைவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கே இருக்கும்போதுதான் விமானம் வந்தது. என் முக்காட்டைப் போட்டு அவளை மூடினேன். பூண்டு வாசம் முகத்தில் ஈரமாகப் பட்டது. அப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வியாழன் அடிக்கிறது, வெள்ளி விழுகிறது.

கோடியில் அன்று கொடி பிடித்தவன் நேராக நடந்தான், நீ இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம்தான் வந்தது. அவள் கண்ணைத் திறந்து, “அண்ணி, இன்னைக்கு அவரு வரலியா?” என்றாள். எத்தனை வியாழக்கிழமை அவள் வேலியோரம் நின்று கையாட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் கேட்டேன். ஆறு முறையாம். நீ ஒரு முறை கொடியைத் தாழ்த்திக் காட்டினாயாம். நான் திட்டுவேன் என்று என்னிடம் சொல்லவில்லையாம். சிப்ரியானோ சொன்னது சரிதான், வீட்டில் மறைத்தது உண்டு. ஆனால் அதற்காகத் தேனீ சாகவில்லை.

வெள்ளி காலை அவளுக்கு உடம்பு வெட்டி இழுத்தது. சிப்ரியானோ வண்டி பிடித்தார். நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பேச்சு இல்லை. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி இருக்கிறது. பிள்ளையின் இதயம் துடிக்கிறது, மெதுவாக. என் காதிலும் குழாயை வைத்துக் கேட்கவைத்தார் டாக்டர். நான் எண்ணினேன், முன்பு ரோசாவுரா வயிற்றில் காதை வைத்து எண்ணிச் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

டாக்டர் என்னென்ன உள்ளே போனது என்று கேட்டார். நான் நோட்டைக் கொடுத்தேன். மார்ச் இருபத்தாறிலிருந்து ஏப்ரல் ஒன்பது வரை தினம் ஒரு கரண்டி, பதினைந்து. அதிலிருந்து மே பதினைந்து வரை தினம் இரண்டு, எழுபத்திரண்டு. எண்பத்தேழு கரண்டி. எல்லாம் என் கையால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிலுவை போட்டு. “தேனாலயா, தண்ணியாலயா, காத்தாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா” என்றார் அவர். நல்ல மனிதர். பிறகு என்ன மருந்து அது என்று கேட்டார். பூண்டு வாசம் என்றேன். “பூண்டு வாசத்துல நாலஞ்சு மருந்து இருக்கு. ஒண்ணுக்குக் குடுக்குற மாத்து மருந்து இன்னொண்ணுக்குப் பத்தாது. சில சமயம் கெடுத்தும் விடும். பேரு வேணும். சீக்கிரம் வேணும்” என்றார்.

குத்தகைக்காரர்களைக் கேட்க ஆள் அனுப்பினோம். தெளிப்பது தண்ணீரும் உரமும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறு உனக்காகக் காலை வண்டியும் மாலை வண்டியும் பார்த்தேன். நீ வரவில்லை. ஏன் என்று இப்போது கேட்கவில்லை. காரணம் எழுது, காரணம் எழுது என்று நானும் பிடிவாதமாக நின்றேனே, அது எனக்கும் ஆண்டவருக்கும் இடையில் இருக்கட்டும். நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது உனக்கும் அவருக்கும் இடையில்.

உன் கை ஆடுகிறது, கண்ணில் நீர் வடிகிறதா? எச்சில் ஊறுகிறதா? அப்படியென்றால் உனக்கும் அதே மருந்துதான். உடனே அந்த இடத்தை விட்டு வா.

இந்தக் கடிதத்தை மேஸ்திரி கையில் படாமல் சிப்ரியானோ தானே கொண்டுவருகிறார். முகாம் வாசலுக்கு எதிரே உள்ள புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார், பதில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டார். உன்னால் எழுத முடியாவிட்டால் ரோமுலோ எழுதட்டும். ரோமுலோ தம்பி, ஃபெர்மின் இதைப் படிக்கும் நிலையில் இல்லாமல் நீ பிரித்துப் படிக்கிறாய் என்றால், உன்னைத்தான் கேட்கிறேன். அந்த மருந்துப் பீப்பாயின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுது. அர்த்தம் தெரிய வேண்டாம். காகிதம் இல்லையென்றால் பீப்பாயில் ஒட்டியிருக்கும் சீட்டையே கிழித்துக் கொடு.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

காசில்தா